வீட்டார் சொன்னது

புதிய படிவத்தில் அந்தக் கட்டம் இல்லையாம். மலை மேல் அரசு மருத்துவமனையில் இப்போது பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் கார்த்திகா போன் செய்து சொன்னாள். காகிதம் போய்க் கையில் தொடுதிரை டேப் வந்துவிட்டது. அதில் சிரிக்கிற மூஞ்சியிலிருந்து அழுகிற மூஞ்சி வரை எண் போட்டு வரிசையாக இருக்கும். நோயாளி தன் வலிக்குத் தக்க ஒன்றைத் தொட்டால் வேலை முடிந்தது. பழைய படிவத்தின் அடியில் 'வீட்டார் சொன்னது' என்று ஒரு கட்டம் இருந்தது. அது எதற்கென்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததை எடுத்துவிடுவதுதானே வழக்கம், எடுத்துவிட்டார்கள்.

"அது எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க மேடம். ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்க. அனுப்பிக் கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

தெரியும். அந்தக் கட்டத்தைப் போட வைத்தவளே நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தப்பு இருக்கிறது. அதுவும் என்னுடையதுதான். அதை விட்டுவிட்டு இதை எழுத முடியாது.

என் ஊர் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சி. பிசியோதெரபி படித்ததும் பயிற்சி எடுத்ததும் கீழே நகரத்தில். மனப்பாடம் செய்ததில் பாதி மறந்தது, மீதி கைக்கு வந்தது. அவ்வளவுதான் அந்த வருடங்கள். கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். எனக்கு என்ன துக்கம்? காலையில் பஸ் ஏறினால் மருத்துவமனை, மாலையில் பஸ் இறங்கினால் வீடு. வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும், ஒரு மாதத்தில் அதுவும் பழகிவிட்டது.

மலைக்காரர்களின் வியாதி இடுப்பு வலி. பள்ளத்து வயலில் நாள் முழுக்கக் குனிந்து நடவு. மேட்டுக்காட்டிலிருந்து குச்சிக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். மிளகு பறிக்க மரத்தில் ஏணி சாய்த்து ஏற வேண்டும். நான் மாத்திரை தராமல் காலைத் தூக்கு, கையை நீட்டு என்று சொன்னதால் எனக்கு 'எக்சைஸ் டாக்டரம்மா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

எட்டு வருடம் கழித்துத்தான் அந்த ஆராய்ச்சி வந்தது. நடத்தியவர் கீழே ஒரு பெரிய மருத்துவமனையின் எலும்பு மருத்துவர், டாக்டர் அருளரசு. அவர் கேட்ட கேள்வி எளிமையானது. இடுப்பு வலிக்காரர்களுக்கு உடற்பயிற்சி மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதுமா, இல்லை, முதுகு ஏன் வலிக்கிறது என்பதையும் உட்கார வைத்து விளக்கிச் சொன்னால் இன்னும் சீக்கிரம் குணமாகுமா? சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களை இரண்டாகப் பிரித்தோம். மலைப்பகுதிக்கு நான் பொறுப்பு.

டாக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர். நோயாளி நிற்கும்போது தான் உட்கார மாட்டார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போடுவார். எழுதுவது எல்லாம் பென்சிலில், அதுவும் சீவிச் சீவி விரல் நீளத்துக்கு வந்த பென்சிலில். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை கூடும். "சரிங்க, நல்லதுங்க, போயிட்டு வாங்க" என்று மூன்று 'ங்க' சேர்ந்து வந்தால் அன்றைக்கு நம் பொழப்பு நாறிவிட்டது என்று அர்த்தம்.

வேலை முறையை அவரே எனக்குச் செய்து காட்டினார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொருவர் வீட்டுக்கும் போக வேண்டும். முதலில் வலிக்கோல். சுழியம் முதல் பத்து வரை கோடு போட்ட அட்டை அது. நோயாளி விரல் வைத்துக் காட்டுவார். அப்புறம் அவரைக் குனியச் சொல்லி விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளவு நாடா வைத்து அளக்க வேண்டும். படுக்க வைத்துக் காலை முட்டி மடங்காமல் தூக்கிப் பார்க்க வேண்டும். பிறகு நுனிக்காலில் பத்தடி, குதிகாலில் பத்தடி நடக்கச் சொல்ல வேண்டும். கடைசியாக நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும்.

"குதிகால் நடையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டறாதீங்க சரோஜாம்மா" என்றார். இடுப்பில் நரம்பு நசுங்கினால் சிலருக்குப் பாதத்தை மேலே தூக்கும் பலம் போய்விடும். அவர்களால் குதிகாலில் நடக்க முடியாது. வலி குறைந்திருந்தாலும் அது ஆபத்தான அடையாளம்.

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரியாததா என்றும் நினைத்துக்கொண்டேன்.

பூங்கொடி வாழவந்தி நாட்டுக்காரி. மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த வட்டாரம். அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். பள்ளத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் கிழங்கு, வீடு அதற்கும் மேலே. பஸ் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். முதல் நாள் வலிக்கோலில் எட்டில் விரல் வைத்தாள். விளக்கம் கேட்கும் பிரிவு அவளுக்குச் சீட்டில் விழுந்தது. அடுத்த முறை போனபோது ஆறு. அப்புறம் நாலு, மூன்று, இரண்டு. மற்றவர்களுக்கும் இதே மாதிரிதான் இறங்கியது. கீழே மற்ற இடங்களில் இருந்தவர்கள் ஆறுக்கும் ஐந்துக்கும் முக்கிக்கொண்டிருந்தபோது என் தாளில் இரண்டும் ஒன்றுமாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கை ராசி என்றே நம்பினேன்.

மழைக்காலம் வந்தது. பூங்கொடி வீட்டு வாசல் சரிவு, பாசி பிடித்து வழுக்கும். கீழே கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வலி இரண்டு என்கிறாள், சிரித்த முகமாகக் காப்பி கொண்டு வருகிறாள், இவளைப் போய் வழுக்குகிற வாசலில் குதிகாலில் நடக்கச் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். விட்டதோடு நிறுத்தவில்லை. குதிகால் நடைக்கான கட்டத்தில் 'முன்போலவே' என்று எழுதினேன். பார்க்காமலே எழுதினேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை.

விளக்க வகுப்பு சனிக்கிழமைகளில் நடந்தது. மருத்துவமனையில் இடம் இல்லாததால் வாழவந்தி நாட்டுப் பள்ளியில் ஒரு வகுப்பறை தந்தார்கள். அங்கே உயிரியல் ஆசிரியர் தங்கராசு. அரியூர் நாட்டுக்காரர், மலையிலேயே பிறந்து மலையிலேயே வாத்தியாரானவர். பரிணாமத்தைச் சொன்ன அந்தத் தாடிக்கார விஞ்ஞானியின் பிறந்த நாளை வருடா வருடம் தன் வகுப்பில் விழாவாகக் கொண்டாடுவார். காகிதத் தோரணம், சுண்டல், பிள்ளைகள் செய்த படங்கள், பொம்மைகள் எல்லாம் இருக்கும். ஊர்த் திருவிழாவுக்கு வசூலிக்கிற மும்முரத்தோடு பிள்ளைகள் மீன் முள்ளும் கோழிக்கால் எலும்பும் சேகரிப்பார்கள்.

"உங்க முதுகுக் கதையும் என் பாடமும் ஒண்ணுதானுங்க மேடம். சேத்தே நடத்திரலாம்" என்றார் அந்த வருடம். அதனால் விளக்கப் பிரிவில் இருந்த என் இடுப்பு வலிக்காரர்கள் இருபது பேரும் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெரியவர்களின் முட்டி மேசையில் இடித்தது.

தங்கராசு கழுவிக் காயவைத்த ஆட்டு முதுகெலும்பு ஒன்றை மேசை மேல் படுக்கையாக வைத்தார். நாலு காலில் நடந்தவரைக்கும் முதுகெலும்பு வீட்டு உத்தரம் மாதிரிப் படுத்திருந்தது என்றார். இரண்டு காலில் எழுந்து நின்றதும் அந்த உத்தரத்தையே தூணாக நிறுத்த வேண்டி வந்தது. புதிதாகத் தூண் செய்ய வழியில்லை. இருந்ததைத்தான் வளைத்து நிமிர்த்திக் கொண்டோம். அதனால்தான் அடி இடுப்பில் பாரம் விழுகிறது என்று நான் தொடர்ந்தேன். ஆனால் உத்தரம் கட்டை, இது உயிருள்ள தூண். அசைத்து வேலை வாங்கினால் பலப்படும், பயந்து படுக்கப் போட்டால் பலம் குறையும். இதுதான் எங்கள் விளக்கத்தின் சாரம்.

பின் பெஞ்சிலிருந்து சடையன் என்ற மிளகு விவசாயி எழுந்தார். "அப்போ எங்க பாட்டன் குரங்குங்களா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தங்கராசு அசரவில்லை. "பாட்டன் இல்லீங்க, பங்காளி. ரெண்டு பேருக்கும் பாட்டன் வேற ஒருத்தர். அவரு இப்ப இல்லை. அவரு பிள்ளைங்கள்ல ஒரு ஊடு மரத்துலயே இருந்துக்கிச்சு, ஒரு ஊடு கீழ எறங்கிருச்சு."

சடையன் தலையாட்டினார். "பங்காளின்னா சரிதானுங்க. அதுதான் வருசா வருசம் எம்பட பலா மரத்துல பங்கு கேட்டு வந்து நிக்குது" என்று உட்கார்ந்தார். அந்த வருட விழாவில் பாடம் ஒழுங்காகப் புரிந்த முதல் ஆள் அவர்தான் என்று தங்கராசு பின்னால் சொன்னார்.

கடைசியில் நடை. ஆடும் நாயும் விரலை ஊன்றி நடக்கின்றன, நாம் குதிகாலை ஊன்றி நடக்கிறோம் என்பதைக் காட்ட எல்லோரையும் நடக்கச் சொன்னார். முதலில் பிள்ளைகள் நாலு காலில் போனார்கள். அப்புறம் பெரியவர்களும் சேர்ந்து நுனிக்காலில் நடந்தார்கள். அதன் பிறகு, கைகளை நீட்டிக்கொண்டு, விரல்களைத் தூக்கிக் குதிகாலில். ஒரே கும்மாளம். சிமெண்டுத் தரையில் குதிகால்கள் டொக் டொக்கென்று போயின. அதன் நடுவே ஒரு பாதம் மட்டும் தப், தப் என்று முழுசாக விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். பூங்கொடி. இடது கால் குதிகாலில் நின்றது. வலது பாதம் தூக்கத் தூக்கக் கீழே தொங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தரையில் குந்தினேன். "பெருவிரலைத் தூக்கு கண்ணு" என்றேன். இடது விரல் எழுந்தது. வலது அசையவில்லை. பாதத்தின் மேல் கை வைத்துத் தடவினேன். பாதி இடத்தில் அவளுக்குத் தொடுவதே தெரியவில்லை.

"எப்ப இருந்து?"

"ரெண்டு மாசமா இருக்குமுங்க. செருப்பு தன்னால கழண்டு கழண்டு உழுந்துருது."

இரண்டு மாதம். என் மூன்று 'முன்போலவே'க்களும் அதற்குள்தான் இருந்தன.

பள்ளிக்கு வெளியே சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி டாக்டருக்குப் போன் செய்தேன். இன்றே கூட்டி வரச் சொன்னார். தங்கராசு ஒரு ஜீப் பிடித்துக் கொடுத்தார். பின்சீட்டில் பூங்கொடியைப் படுக்க வைத்து, அவள் காலை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் காலை அசைய விடவில்லை. பாதி வழியில்தான் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. கேட்ட குரலில் கோபம் இருந்தது. யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியும்.

"நீங்க அம்புட்டு மேடு ஏறி வர்றீங்க டாக்டரம்மா. மூச்சு வாங்க நின்னுக்கிட்டு எப்படி இருக்குதுன்னு கேக்கறீங்க. குறையலைன்னு எந்த வாயில சொல்றது? உங்க வைத்தியத்தைக் குத்தம் சொன்னாப்புல ஆயிருமுங்களே."

"அப்போ அந்த ரெண்டு?"

"வலி ஒம்போதுங்க. உங்க மூஞ்சியப் பாத்து ரெண்டுன்னு வெச்சனுங்க."

மலை இறங்கி முடிக்கும் வரை அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். "அழுவாதீங்க, பரவால்லீங்க, கால்தானுங்களே" என்றாள். அந்தப் 'பரவால்லீங்க'வைக் கேட்டதும் இன்னும் அழுகை வந்தது.

இடுப்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. டாக்டர் அறுவை சிகிச்சை செய்தார். கால் எந்த அளவுக்குத் திரும்பும் என்பதை மாதங்கள் போனால்தான் சொல்ல முடியும் என்றார்.

'முன்போலவே' விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. பூங்கொடிக்குத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. கடைசிச் சோதனைக்குப் பிறகு வந்த பலவீனம் என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். இரண்டு நாள் அதை நினைத்துக்கொண்டே திரிந்தேன். மூன்றாம் நாள் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன்.

"குதிகால் நடை நான் பார்க்கலைங்க சார். பார்த்த மாதிரி எழுதிட்டேன்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "எத்தனை தடவைங்க?"

"மூணு தடவைங்க."

"மூணும் நீங்களே எழுதுனதுங்களாங்க?"

"நானேதானுங்க சார்."

"சரிங்க. நல்லதுங்க." அதற்கு அப்புறம் வழக்கமாக வர வேண்டிய 'போயிட்டு வாங்க' வரவில்லை. எழுந்து போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் போட்டார். நோயாளிகளுக்குப் போடுகிற நாற்காலி. உட்கார்ந்தேன்.

மற்றவர்களின் எண்களையும் நம்ப முடியாது என்பதைச் சொன்னேன். ஜீப்பில் பூங்கொடி சொன்னதைச் சொன்னேன். அவர் படிவக் கட்டைப் பிரித்தார்.

"உங்க பேஷண்ட் எல்லாரும் ரொம்ப நல்லவங்க சரோஜாம்மா. அதுக்கு நம்ம படிவத்துல எடமே போடாம விட்டுட்டோம்."

பென்சிலை எடுத்து என் எண்களின் மேல் ஒவ்வொரு தாளாகக் குறுக்குக் கோடு போட்டார். அழிக்கவில்லை. அடித்தது என்ன என்று பிறகு வருபவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். மழையும் வெயிலும் பாராமல் ஏறி இறங்கி எடுத்த எண்கள். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலித்தது. ஆனால் கனம் இறங்கியது.

"இவங்க வாயால உண்மை வர்றதுக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

"அவங்க வாயால வராதுங்க சார். மாமியார் வாயால வரும்."

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, தெரிந்ததைச் சொன்னேன். மலையில் தன் வலியைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அடுத்தவர் வலியைக் கேட்டால் பத்துப் பக்கத்துக்குச் சொல்வார்கள். டாக்டர் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன். சிரித்து முடித்ததும், தாளின் அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டார். மேலே 'வீட்டார் சொன்னது' என்று எழுதினார்.

மறுபடியும் முதலிலிருந்து ஏறினேன். நோயாளியை உள்ளே பயிற்சி செய்யச் சொல்லிவிட்டு, வாசலில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பேன். "எங்கீங்க நல்லாருக்குது? கொடத்தை இடுப்புல வெக்க மாட்டீங்குறா" என்பார் மாமியார். "ராத்திரி பொரண்டு படுக்கறப்ப அம்மான்னு கத்தறானுங்க" என்பார் அண்ணன். சடையன் தனக்கு வலி ஒன்று என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் வெளியே வந்து, மனிதர் மரத்தில் ஏறியே இரண்டு மாதம் ஆயிற்று என்று போட்டு உடைத்தார். இன்னொன்றும் வெளியே வந்தது. என் ஆட்களில் பாதிப் பேர் எனக்குத் தெரியாமல், பிறக்கும்போது கால் முன்னால் வந்து பிறந்த ஒருவரிடம் போய் இடுப்பில் மிதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்பது ஊர் நம்பிக்கை. என் மனம் நோகும் என்று அதையும் மறைத்திருந்தார்கள். அதையும் அந்தக் கட்டத்தில் எழுதினேன்.

குதிகால் நடையை ஒரு வீட்டிலும் விடவில்லை. வாசல் வழுக்கினால் வீட்டுக் கூடத்தில், அதுவும் இல்லையென்றால் சாமி அறைக்கு முன்னால். இரண்டு முறை பஸ்ஸை விட்டேன்.

இந்த முறை எண்கள் மெதுவாகத்தான் இறங்கின. விளக்கம் கேட்டவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. அதிசயம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தக் கொஞ்சம் உண்மையானது. டாக்டர் அந்தக் கட்டத்தை மற்ற இடங்களுக்கும் அனுப்பினார். ஆராய்ச்சி முடிந்த பிறகும் மருத்துவமனைப் படிவத்தில் அது தங்கிவிட்டது. யார் போட்டது என்று எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை, அதை அந்தப் பக்கத்தில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அடுத்த வருடப் பரிணாம விழாவுக்குப் பூங்கொடி தானாகவே வந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரைக்கு நடுவே வந்து நின்றாள். கையை நீட்டினாள். வலது பாதம் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் விழவில்லை. பத்தடியும் டொக் டொக்கென்றுதான் கேட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். "நாலு காலை உட்டு எந்திரிச்சு நிக்கறதுக்கு நம்மாளுங்க எத்தனையோ லட்சம் வருசம் எடுத்துக்கிட்டாங்க. இந்தம்மா ஒரே வருசத்துல நின்னுட்டாங்க" என்றார் தங்கராசு. என் முப்பது வருட வேலையில் எனக்குக் கிடைத்த விருது அந்தப் பத்தடிதான். வேறு விருது கொடுத்தாலும் வாங்கியிருப்பேன், யாரும் கொடுக்கவில்லை.

இதுவரை எழுதி வைத்திருந்தேன். நேற்று கார்த்திகா இதை வாங்க நேரில் வந்துவிட்டாள். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, வெயிலில் நடந்து, முகமெல்லாம் வேர்த்து வந்து நின்றாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்துவிட்டாள். போன மாதம் கேஸ் சிலிண்டரை நகர்த்தியதிலிருந்து எனக்கு இடுப்பு சரியில்லை. ஊருக்கெல்லாம் எக்சைஸ் சொன்னவள், சிலிண்டரை எப்படி நகர்த்துவது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

விடாமல் படுக்க வைத்தாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். விரலை அழுத்திப் பார்த்தாள். குதிகாலில் நடக்க வைத்தாள். ஒவ்வொன்றும் முறைப்படி. அப்புறம் பையிலிருந்து டேப்பை எடுத்து மூஞ்சி வரிசையை நீட்டினாள். "வலி எவ்வளவுங்க மேடம்?"

அந்தப் பிள்ளையின் வேர்த்த முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

"பரவாயில்லம்மா. ரெண்டு போட்டுக்க" என்றேன்.

கார்த்திகா எதையும் தொடவில்லை. டேப்பைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, கதவருகே நின்றிருந்த என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க சார், மேடம் எப்படி இருக்காங்க?"

அவர் இதற்காகவே ஒரு மாதமாகக் காத்திருந்தவர் போல ஆரம்பித்தார். "அதையேனுங்க கேக்கறீங்க. கட்டில்ல திரும்பிப் படுக்கறதுக்கே என்னையக் கூப்புடறா. வெளிய சொன்னா மானம் போயிருமாம்..."

அவர் சொல்லச் சொல்ல கார்த்திகா என் கட்டுரையின் கடைசித் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொண்டே போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை விடப் பல மடங்கு பெருமையாக இருந்தது. அவள் எழுதி முடித்து நிமிர்ந்தபோது நானே என் வாயால் சொன்னேன்.

"ஏழு கண்ணு. ஏழுன்னு எழுதிக்க."